ஓடாத முப்பத்தொரு கிலோமீட்டர்

டிரில்லை நிறுத்திய பிறகுதான் நாச்சிமுத்து எண்ணைப் பார்த்தார்.

மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர் கூடியிருந்தது.

வண்டி ஓடவே இல்லை. அந்த வெளிர்நீல ஹெரால்டு கார் கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. டேஷ்போர்டில் மீட்டர் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. மீட்டர் மட்டும் உள்ளே மேஜைமேல், டிரில்லில் மாட்டியபடி, அரை மணி நேரம் அறுபதில் ஓடியிருக்கிறது. எங்கேயும் போகாமல் முப்பத்தொரு கிலோமீட்டர் போயிருக்கிறது.

"தொலைஞ்சது போ" என்றார்.

கேட்க ஆள் இல்லை. மகுடேஸ்வரி துடியலூர் வரை போயிருந்தாள். கடை அவளுடையது. நாச்சிமுத்துவுக்குக் குருவும் அவள்தான். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யனுக்கு ஐம்பத்து நான்கு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நாச்சிமுத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். "இனிமேலாச்சும் ஊட்டுல தூங்குங்க" என்று சம்சாரம் சொன்னதால் லாரியை விட்டார். வீட்டில் தூக்கம் வரவில்லை. கவுண்டம்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பெண் பழைய வண்டிகளின் மீட்டர் ரிப்பேர் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போய் நின்றார்.

"சொல்லிக் குடுப்பீங்களா அம்மணி?"

ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று.

அன்றிலிருந்து அப்படித்தான். இவர் வாயைத் திறந்து கேட்பார். அவள் கையில் எதையாவது கொடுப்பாள்.

இந்த ஹெரால்டு மீட்டர்தான் முழுசாக அவரிடம் விட்ட முதல் வேலை. வந்தபோது கண்ணாடி பூத்துப்போயிருந்தது. வேக முள் ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கியது. பெட்ரோல் முள் படுத்த படுக்கை. நாச்சிமுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. முடியைவிட மெல்லிசான சுருள்கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். பச்சை பிடித்த ஒயர் முனைகளைச் சுரண்டினார். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். டயலில் மங்கிப்போன எழுத்துகளுக்குப் பெயிண்ட் தொட ஆசைப்பட்டார். "அது மங்கினா மங்கிட்டுப் போகுதுங்ணா" என்று மகுடேஸ்வரி பிரஷ்ஷைப் பிடுங்கிவிட்டாள்.

எல்லாம் முடிந்துவிட்டது. மீட்டரை டிரில்லில் மாட்டிக் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அதற்கு ஒரு முறை உண்டு. டிரில்லைப் போடுவதற்கு முன்னால், எண் சக்கரத்தைத் தள்ளுகிற சின்னக் கொக்கியைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிட்டால் முள் ஓடும், எண் நிற்கும். தூக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக டிரில்லின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். நூல் இல்லாமல் டிரில் சுற்றக் கூடாது. அந்தக் கடையில் சட்டம் என்று இருந்தது இது ஒன்றுதான்.

நூல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறொரு வண்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வண்டிக்காரம்மா கருணையம்மாள் வண்டியை விட்டுப்போனபோது சொன்னது ஒன்றே ஒன்று.

"எதை வேணும்னாலும் கழட்டுங்க, எதை வேணும்னாலும் மாத்துங்க. எண்ணை மட்டும் தொட்டுறாதீங்க தம்பி. அது எங்க ஊட்டுக்காரரு விட்ட எண்ணு."

வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம். வண்டியும் ஏழு வருஷமாகக் கொட்டகையில்தான் நின்றது. கடைக்குக்கூட லாரியில் ஏற்றித்தான் வந்தது. இன்று பதினோரு மணிக்கு அந்தம்மா வந்துவிடுவார்.

மணி பத்தேகால்.

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைப் பார்த்தார். டிராயரில் வளைந்த ஊசி ஒன்று இருக்கிறது. எண் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த முடியும். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. அவருக்குப் பயம்தான், வேறென்ன. வயசான மனுஷனுக்குப் பயம் வராது என்று யார் சொன்னது.

ஊசியை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் சக்கரத்தின் பல்லில் ஊசி முனையை வைத்தார்.

"என்னங்ணா பண்றீங்க?"

மகுடேஸ்வரி வாசலில் நின்றாள். கையில் ஹெல்மெட்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்ணா ஊசி?"

பொய் சொல்ல அவருக்கு வராது. சொன்னாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நடந்ததைச் சொன்னார். அவள் டிரில்லைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய நூலைப் பார்த்தாள்.

"ஏன் கட்டல?"

"முதல்ல முள்ளு நிக்குதான்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு, அப்பறம் கொக்கியைத் தூக்கலாம்னு போட்டேன். நடுங்காம நின்னுச்சுங்க. விளக்கு மாதிரி நின்னுச்சு. பாத்துட்டே இருந்துட்டேன்."

"அரை மணி நேரமாவா?"

"அறுபதுல முள்ளு நின்னா எனக்கு ரோடுதானுங்க தெரியுது. எத்தனை வருஷப் பழக்கம். பாலக்காட்டு ரோட்டுல போயிட்டு இருந்தேன். எண்ணை எந்த டிரைவருங்க பாக்கறான்."

"எதுவரைக்கும் போனீங்க?"

"வாளையாரு தாண்டிட்டேன்."

"செக்போஸ்ட்டுலயாச்சும் நிறுத்தியிருக்கலாம்ல."

அவள் திட்டவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தன் கட்சியைப் பேச ஆரம்பித்தார்.

"இல்லீங்க அம்மணி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இப்ப இந்த எண்ணு பொய்தான? வண்டி நின்ன இடத்துலயே நிக்குது, எண்ணு மட்டும் ஓடியிருக்குது."

"பொய்தான்."

"அப்ப நான் திருப்பி வச்சா உண்மை ஆயிருது. இதுல என்ன தப்பு?"

"நம்ம கடைல எண்ணைத் திருப்பறதில்ல."

அது அந்த ரோட்டுக்கே தெரியும். வண்டி புரோக்கர்கள் வருவார்கள். "கொஞ்சம் எண்ணைக் கொறச்சுக் குடு அம்மணி" என்பார்கள். "கொறச்சுடலாமுங்க. நீங்களும் உங்க வயசுல பத்தைக் கொறச்சுட்டு வாங்க, ரெண்டையும் ஒண்ணா மாட்டிருவோம்" என்று அனுப்பிவிடுவாள். ஒருத்தன் கோபத்தில் கடை போர்டைக் கல்லால் அடித்துவிட்டுக்கூடப் போயிருக்கிறான். போர்டில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

"புரோக்கரு ஓடினதை மறைக்கறான்" என்றார் நாச்சிமுத்து. "நாம ஓடாததைத்தான அழிக்கறோம். ரெண்டும் ஒண்ணாயிருமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு.

மகுடேஸ்வரி ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள்.

"சரிங்ணா. திருப்பி வைங்க. வச்சுட்டு அந்தம்மா வந்ததும் இப்படி இப்படி ஆச்சு, திருப்பி வச்சிருக்கோம்னு சொல்லிருவீங்களா?"

"அதை எதுக்குங்க சொல்லோணும்? எண்ணுதான் சரியாயிருமே."

"அப்ப ஊசியைக் கீழ வைங்க."

கீழே வைத்தார்.

"அப்படியே விட்டாலும் பொய்யி. திருப்பினாலும் பொய்யிங்கறீங்க. அப்ப நான் எதைத்தானுங்க பண்றது?"

"டீ குடிங்க."

ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றி டம்ளரைக் கையில் கொடுத்தாள். இப்படித்தான். கேள்வி கேட்டால் கையில் ஏதாவது வந்துவிடும். நாச்சிமுத்து டீயைக் குடித்தார். டீயில் பதில் ஒன்றும் இல்லை.

கருணையம்மாள் பதினோரு மணிக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டியவர். வெளுத்த மஞ்சளில் நூல் சேலை, கையில் துணிப்பை, தலையில் கொஞ்சம் பூ. விசேஷத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"ஆயிருச்சுங்களா தம்பி?"

நாச்சிமுத்து குருவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கேட்டது உங்களை" என்றாள் மகுடேஸ்வரி.

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கொக்கியைத் தூக்கவில்லை, முப்பத்தொன்று ஓடிவிட்டது, தப்பு என்னுடையது, திருப்பி வைக்க ஊசியையும் எடுத்துவிட்டேன். அதையும் சொன்னார். ஊசி சமாச்சாரத்தை விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

கருணையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். ரோட்டில் ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ் போனது.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்பவும் அவரு எண்ணைத்தான் கேட்டாரு" என்றார் கடைசியில். "வண்டி எத்தனைல நிக்குதுன்னு. போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேன். சரின்னு தலையாட்டினாரு. அப்பறம் யாரும் எடுக்கல."

"தப்புதானுங்கம்மா" என்றார் நாச்சிமுத்து.

"நான் ஓட்டவே கூடாதுன்னு சொல்லலீங்க தம்பி. ஓட்டத்தான் இத்தனையும் சரி பண்ணுனது. அவரு விட்ட எண்ணுல இருந்து அது நகரறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கோணும். பாத்தா, அவருகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பின மாதிரி இருக்கும். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். முப்பத்தொரு கிலோமீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது.

மகுடேஸ்வரி எழுந்தாள். மேஜையிலிருந்த மீட்டரை எடுத்தாள். கண்ணாடியை வைத்து வளையத்தைப் பூட்டினாள். வெளியே போய் ஹெரால்டின் கதவைத் திறந்து, சீட்டில் முதுகை வைத்து, தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தாள். லைட் பல்புகளைச் சொருகினாள். பெட்ரோல் முள்ளுக்கான ஒயரை மாட்டினாள். சூட்டு முள்ளுக்கான ஒயரை மாட்டினாள். மீட்டர் தன் ஓட்டையில் போய் உட்கார்ந்தது.

கியர்பாக்ஸிலிருந்து வருகிற கேபிளை மட்டும் மாட்டவில்லை. அந்தக் கேபிள்தான் வண்டி ஓடுவதை மீட்டருக்குச் சொல்வது. அதை ஒரு துண்டு நாடாவால் ஸ்டீயரிங் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"கேபிளை மறந்துட்டீங்க" என்றார் நாச்சிமுத்து.

"மறக்கல."

கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்ணு முன்னால போயிருச்சுங்ணா. வண்டி பின்னால நிக்குது. எண்ணைப் பின்னால இழுக்கறதுக்குப் பாத்தீங்க. வண்டியை முன்னால கொண்டு போங்க."

நாச்சிமுத்துவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ரோட்டைப் பார்த்தார்.

"இங்கிருந்து முப்பத்தொண்ணு எதுவரைக்கும்?" என்றாள்.

"மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு."

"நிச்சயமா?"

"லாரிக்காரனைக் கேக்கற கேள்வியாங்க இது?"

"அதுவரைக்கும் கேபிள் இல்லாமப் போங்க. எண்ணு நிக்கும், வண்டி ஓடும். பஸ் ஸ்டாண்டுல ஓரங்கட்டிக் கேபிளை மாட்டுங்க. அப்ப ரெண்டும் ஒரே இடத்துல இருக்கும். அதுக்கு மேல ஒரு முழம்கூடக் கேபிள் இல்லாம ஓடக் கூடாது. கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க அம்மணி."

"என்ன கேட்டுச்சு?"

"பஸ் ஸ்டாண்டுல மாட்டோணும்."

கருணையம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் வேண்டாம்னா என்ன பண்ணுவே அம்மணி?"

"வண்டி இங்கயே நிக்கட்டுங்கம்மா. பொய் சொல்ற மீட்டரை நான் வெளிய அனுப்பறதில்ல. அவரு விட்ட எண்ணை என்னால கொண்டுவந்து குடுக்க முடியாது. மேட்டுப்பாளையத்துல இருந்து நகரும். அது நெசமான எண்ணா இருக்கும். அங்கிருந்து பாருங்க."

கருணையம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முன்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார்.

"கெளம்புங்க தம்பி."

நாச்சிமுத்து ஓட்ட, ஹெரால்டு துடியலூரைத் தாண்டியது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. என்ஜினைப் பார்த்த மெக்கானிக் நல்ல வேலைக்காரன். வேக முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. நாச்சிமுத்துவின் முழங்காலுக்குப் பக்கத்தில் கேபிளின் நுனி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் முள்ளு எந்திரிச்சுருச்சே" என்றார் கருணையம்மாள்.

"ஆமாங்க. பாதிக்கு மேல இருக்குதுங்க."

"அவரு இருந்தப்பவே அது எந்திரிக்காது. குச்சி விட்டுத்தான் பாப்பாரு." கொஞ்சம் பொறுத்து, "இப்ப எத்தனை வேகம்?"

"அம்பது இருக்கும்."

"முள்ளுதான் தூங்குதே. எப்படிச் சொல்றீங்க?"

"ஸ்டீயரிங்குல தெரியுங்க."

அந்தம்மாவுக்கு அது பிடித்திருந்தது போல. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"உள்ள போனா எங்கக்கா ஊடு. ஒரு கிலோமீட்டருகூட வராது. வாராவாரம் இந்த வழியாத்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவாரு, உருளைக்கெழங்கு ஏலத்துக்கு. நானும் கூட வருவேன், ஊட்டுல சும்மா இருக்கறதுக்கு. ஒருநாளும் இந்தச் சந்துல திருப்பினதில்ல."

"அவசரமா இருந்திருக்குமுங்க."

"அவசரமெல்லாம் இல்ல. கணக்கு. ஊட்டுல இருந்து மண்டிக்கு இவ்வளவு, மண்டியில இருந்து ஊட்டுக்கு இவ்வளவு. திரும்பி வந்ததும் எண்ணைப் பாக்காம எறங்க மாட்டாரு. நல்ல மனுஷன்தான் தம்பி. எனக்கு ஒரு கொறை வச்சதில்ல. எண்ணு மட்டும் சரியா இருக்கோணும்."

நாச்சிமுத்து தலையாட்டினார்.

காரமடையில் கோயில் கோபுரம் தெரிந்ததும் கருணையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே பேசினார்.

"ஒரு தடவை அவரு சேலத்துக்குப் போயிருந்தாரு, ரயில்ல. இங்க தேரு. எந்தம்பி வந்திருந்தான், அவனுக்கு ஓட்டத் தெரியும். எடுத்துட்டு வந்துட்டோம். தேரு பாத்துட்டுப் பொழுதோட போய் விட்ட எடத்துல விட்டுட்டோம். தொடைச்சுக்கூட வச்சேன்."

"தெரிஞ்சுருச்சுங்களா?"

"வந்தாரு. எண்ணைப் பாத்தாரு. இது எங்க போனதுன்னு கேட்டாரு."

"திட்டினாருங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலையே. பேச்சை நிறுத்திட்டாரு. சோறு போட்டாச் சாப்பிடுவாரு, தண்ணி வச்சாக் குடிப்பாரு. பேச மாட்டாரு. அடுத்த அமாவாசை வரைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாச்சிமுத்துவும் சிரித்துவைத்தார். சிரிக்கிற விஷயமா என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் தானும் இப்படி எதையாவது எண்ணிக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு யோசனை வந்தது. டீ டம்ளரை எண்ணுவதுண்டு. விட்டுவிட்டார்.

மேட்டுப்பாளையம் வந்தது. மலை பக்கத்தில் வந்துவிட்டது. காற்று மாறியது. பஸ் ஸ்டாண்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நாச்சிமுத்து ஓரங்கட்டி நிறுத்தினார். கணக்குப்படி இதுதான் இடம். இதற்கு மேல் ஒரு முழம்கூடக் கிடையாது.

"கேபிளை மாட்டிர்றேனுங்கம்மா. எண்ணும் வண்டியும் ஒண்ணாயிருச்சு. இனிமே நகரறதை நீங்க பாக்கலாம்."

குனிந்து நாடாவை அவிழ்த்தார். கேபிளின் முனையை மீட்டரின் பின்புறம் கொண்டுபோனார். அதன் தலையில் ஒரு வளையம் இருக்கும், கையாலேயே திருகிவிடலாம். மறை பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றுத் திருகினார்.

"மண்டி அந்தப் பக்கம்" என்றார் கருணையம்மாள். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடி வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு ஏலத்துக்கு உள்ள போயிருவாரு. நான் வண்டியிலயே இருப்பேன். இதே சீட்டுலதான். இந்த மலையையே பாத்துட்டு இருப்பேன். மஞ்சு பொகையாட்டம் எறங்கும், ஏறும். வேலை முடிஞ்சு வந்து ஏறுவாரு, இங்கயே திருப்புவாரு."

"மேல போனதே இல்லீங்களா?"

"பஸ்ஸுல போயிருக்கேன், ஒரு கல்யாணத்துக்கு. இந்த வண்டியில இல்ல. ஒரு தடவை கேட்டேன். மலை மேல நமக்கு என்ன சோலின்னு கேட்டாரு. சோலி என்ன இருக்குது. ஒரு சோலியும் இல்லதான்."

நாச்சிமுத்து இரண்டாவது சுற்றுத் திருகவில்லை. விரல் வளையத்தின்மேலேயே இருந்தது.

"பாலம் தாண்டினா ரோடு பிரியுமல்லங்க தம்பி?"

"ஆமாங்க. ஒண்ணு குன்னூரு. ஒண்ணு கோத்தகிரி."

"எது நல்லா இருக்கும்?"

"கோத்தகிரிப் பக்கம் கூட்டம் கம்மிங்க."

"எவ்வளவு தூரம்?"

"முப்பத்திமூணு. பூரா ஏத்தம்."

"இது ஏறுமா?"

"மெதுவா ஏறுங்க. நடுவுல நிறுத்தித் தண்ணி பாத்துக்கோணும்."

கருணையம்மாள் இப்போதுதான் மீட்டரைப் பார்த்தார். கழுவித் துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் எண் அசையாமல் இருந்தது.

"அதை மாட்டிட்டுப் போனா அந்த முப்பத்திமூணும் எண்ணுல ஏறும்."

"ஏறுங்க. அதுக்குத்தானுங்க மீட்டரு."

"மாட்டாமப் போனா?"

"ஏறாதுங்க."

கருணையம்மாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்கு வழி கேட்கிற பிள்ளை மாதிரி, குரலை இறக்கிக்கொண்டார்.

"அப்ப அவருக்குத் தெரியாது."

நாச்சிமுத்து குனிந்தபடியே இருந்தார். ரத்தம் தலைக்கு ஏறியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர் ஒருவர் ஊட்டி ஊட்டி என்று கூவுவது கேட்டது. தான் தனியாக முடித்த முதல் மீட்டர் இது. இதைப் பொய்யாக்கினால் கடைக்குத் திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது. மகுடேஸ்வரி கேட்பாள். கேட்டால் இவர் காது சிவக்கும். எல்லாம் தெரிந்தது. இந்த வளையத்தை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தொல்லையும் இல்லை.

திருகியிருந்த ஒரு சுற்றையும் கழற்றினார். கேபிளை மறுபடி நாடாவில் கட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து என்ஜினைப் போட்டார்.

பாலத்தின்மேல் ஹெரால்டு போகும்போது கீழே பவானியில் தண்ணீர் நிறைய ஓடியது. கருணையம்மாள் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார். ரோடு பிரிகிற இடத்தில் நாச்சிமுத்து வலது பக்கம் ஒடித்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேபிளை மாட்டச் சொல்லியிருந்தாள் மகுடேஸ்வரி. அவர் மாட்டவில்லை.